பழைய ஆம்ப்ளிஃபயர் விற்பவர் பதிலே தரவில்லை, என்ன செய்வது?

பணம் கொடுத்தாயிற்றா இல்லையா என்பதைப் பொறுத்தது.

கொடுக்கவில்லை என்றால் கேள்வியை மாற்றிப் பாருங்கள். "நல்ல கண்டிஷனா?" என்பதற்குப் பலர் பதில் போடுவதில்லை. "இரண்டு சேனலும் பாடுகிறதா? வால்யூமைத் திருப்பினால் கரகரப்பு வருகிறதா? பின்பக்க டெர்மினல்களின் படம் ஒன்று வேண்டும்" என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஸ்பீக்கராக இருந்தால் வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு) ஓரத்து ஃபோம் படம் கட்டாயம். அது பொடிந்து உதிரும் சமாச்சாரம். இரண்டு நாளில் ஒரு நினைவூட்டல், அத்தோடு விட்டுவிடுங்கள். விற்கும் முன்பே பேசாதவர், பழுது என்றால் பேசவா போகிறார்?

பணம் போய்விட்டது என்றால் காலக்கெடுதான் முக்கியம். பேபால் என்ற இணையப் பணச் சேவையில் பணம் செலுத்திய 180 நாளுக்குள் தகராறு பதிய வேண்டும். பதிந்த 20 நாளுக்குள் அதைக் கோரிக்கையாக (பேபாலே தீர்ப்புச் சொல்லும்படி கேட்பது) உயர்த்தாவிட்டால் தானாகவே மூடிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். "நண்பர்கள், குடும்பம்" வகையில் அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. "நாளை அனுப்புகிறேன்" என்று இழுத்தடித்தால் டிராக்கிங் எண்ணைக் கேளுங்கள். பேச்சு முழுவதும் விற்பனைத் தளத்தின் செய்திப்பெட்டியிலேயே இருக்கட்டும். விளம்பரப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பிறகு அது இருக்காது.