ஆவணங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: நாங்கள் பராமரிக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் ஆவணங்களை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அப்படிச் செய்தால், மற்றவர்கள் அனுப்பிக் காத்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்கள் (சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பும் மாற்றங்கள்) எல்லாம் மோதிக்கொண்டு நிற்கும், அவர்களில் பாதிப்பேர் திரும்பியே வரமாட்டார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல்கூட 2016-ல் ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவிக்கு மாறத் தொடங்கியபோது கோப்புகளைப் படிப்படியாகத்தான் மாற்றியது.

முதலில் விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதில் நான் விட்டுக்கொடுக்காதது, ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்பது. 80 எழுத்தில் வரியை மடித்து எழுதினால், நடுவில் ஒரு சொல்லை மாற்றியதும் பத்தி முழுக்க மாறியதாக டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியல்) காட்டும், சரிபார்ப்பவர் எதைப் பார்ப்பார்?

அப்புறம், விதிகளை மனிதர் நினைவூட்டக் கூடாது, லின்டர் (விதிமீறலைத் தானாகக் கண்டுபிடிக்கும் கருவி) சொல்லட்டும். புதியவரிடம் காற்புள்ளிக்காகச் சண்டை பிடிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் ஒன்று, மார்க்டவுனில் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) வரி இறுதியில் இரண்டு இடைவெளி விட்டால் அங்கே வரி முறியும். இடைவெளிகளைத் தானாக நீக்கும் கருவி அதையும் அழித்து, முகவரி போன்றவற்றை ஒரே வரியாக்கிவிடும். அதைச் சோதித்துவிட்டு ஓடவிடுங்கள்.

வடிவ மாற்றத்தைத் தனி கமிட்டாக (ஒரு தொகுப்பாகப் பதியும் மாற்றமாக) வையுங்கள், உள்ளடக்கத் திருத்தத்தோடு கலக்காதீர்கள். அந்த கமிட்டை மட்டும் கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கட்டளை) ஒதுக்கிவைக்கும் வசதி 2019 முதல் இருக்கிறது.