காக்கா போடும் கையெழுத்து

கேள்வி: கீழக்கரைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. பி.பார்ம் (மருந்தாளுநர் பட்டப்படிப்பு) முடித்து இரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். மேற்படிப்புக்குப் போக ஆசை. இரண்டாண்டு எம்.பார்ம் சேர்வதா, மூன்றாண்டு பார்ம்.டி சேர்வதா என்று குழப்பமாக இருக்கிறது. எம்.பார்ம் நுழைவுத் தேர்வான ஜிபேட்டை நடத்துபவர்கள் மாறிவிட்டார்கள். பார்மசி கவுன்சில் போய் ஆணையம் வரும், பாடத்திட்டமும் மாறும் என்கிறார்கள். "எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும், அதுவரை பொறு" என்கிறார் வாப்பா. ஏர்வாடி சாலையில் எங்களுக்கு ஒரு மெடிக்கல் இருக்கிறது. லைசென்ஸில் மருந்தாளுநர் நான்தான்; என் சான்றிதழ்தான் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்காக வாப்பா மாதம் 5,000 ரூபாய் என் கணக்கில் போடுகிறார். கடையைப் பார்த்துக்கொள்வது காக்கா (அண்ணன்). ஹெச்1 பதிவேட்டில் என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போடுவார்! நான் காத்திருப்பதா, சேர்ந்துவிடுவதா? எந்தப் பிரிவு நல்லது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் ஆச்சரியக்குறி ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. தேர்வு, ஆணையம், பாடத்திட்டம் என்று எழுதிய வரிகளிலெல்லாம் கவலை தெரிகிறது. காக்கா உங்கள் கையெழுத்தைப் போடுகிறார் என்ற வரியில் மட்டும் சிரிப்பு தெரிகிறது. கவலைப்பட வேண்டிய இடத்தில் நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். மேற்படிப்பைப் பற்றி எனக்கு வரும் கடிதங்கள் ஏராளம். அவற்றுக்கு எழுதும் பதிலை உங்களுக்கும் எழுதிவிட்டுப் போயிருப்பேன், அந்த ஒரு வரி இல்லாதிருந்தால்.

அந்தப் பதிவேடு எதற்கு என்று பி.பார்ம் படித்த உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், டயசிபாம் போன்ற பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய மாத்திரைகள் ஆகியவை கேட்டவர்க்கெல்லாம் கிடைத்துக்கொண்டிருந்ததால், 2013இல் ஹெச்1 என்று தனிப் பட்டியல் வகுக்கப்பட்டு 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. இவற்றை விற்கும்போது எழுதிக்கொடுத்த மருத்துவர் யார், வாங்கிய நோயாளி யார், எந்த மருந்து, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று ஆண்டுகள் பாதுகாத்து, ஆய்வுக்கு வருபவரிடம் காட்ட வேண்டும். உங்கள் கடை எங்கே இருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். மனநலம் குன்றியவர்களை அழைத்துக்கொண்டு ஏர்வாடி தர்காவுக்கு வரும் குடும்பங்கள், கையில் கசங்கிய மருந்துச் சீட்டுடன் ஏறி இறங்கும் சாலை அது. 2001 ஆகஸ்டில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 நோயாளிகள் தீயில் மாண்ட ஊர் அது. அந்தச் சாலையில் மெடிக்கல் வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு, அல்பிரசோலம் யார் கைக்கு எத்தனை போகிறது என்பதைக் குறிக்கும் ஏடு வேடிக்கையாக இருக்கிறது என்றால், நீங்கள் படித்த நான்கு ஆண்டுப் படிப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் கேட்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையை. மருத்துவர் எழுதிய சீட்டுக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருந்து வழங்கலாகாது என்பது 1948ஆம் ஆண்டு மருந்தகச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டம் மேற்பார்வை செய்யாது. நீங்கள் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கணினி முன் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்து வருகைப்பதிவில் காலையில் வைத்த விரல்ரேகை இருக்கும். அதே நாள் மாலையில் ஏர்வாடி சாலைக் கடையின் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். ஒரு நாள் ஒரு சீட்டில் மருந்து மாறிப்போய், மருந்து ஆய்வாளர் இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பதில் சொல்ல வேண்டியவர் காக்கா மட்டுமல்லர். அவர் எழுதியது உங்கள் பெயரை.

அந்த 5,000 ரூபாயைப் பற்றியும் பேசிவிடுவோம். வாப்பா மகளுக்குப் பணம் கொடுப்பதை யாரும் கேட்க முடியாது. ஆனால் "அதற்காக" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைக்கு வராதவருக்குக் கடை தரும் பணத்தைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. அது உங்கள் பெயருக்கு வாடகை. எத்தனையோ மெடிக்கல்களில் இதுதான் வழக்கம் என்று சொல்வீர்கள். அது வழக்கம்தான் என்பது எனக்கும் தெரியும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் அதிலிருந்து விலகிப் போகவுமில்லை. எம்.பார்ம் படிப்புக்கான 2014ஆம் ஆண்டு விதிமுறைகளைப் புரட்டிப் பாருங்கள். பி.பார்மில் 55 விழுக்காடு மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாக அது கேட்பது, மாநில பார்மசி கவுன்சிலில் உங்கள் பெயர் பதிவாகியிருக்க வேண்டும் என்பதை; இல்லையென்றால் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும், தவறினால் சேர்க்கையே ரத்து. தொழிலுக்கு ஒவ்வாத நடத்தை என்று கவுன்சில் முடிவு செய்தால் அந்தப் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மருந்தாக்கவியலோ, மருந்தியலோ, பார்மசி பிராக்டிஸோ, நீங்கள் எந்தப் பிரிவுக்குப் போனாலும் வாசலில் நீட்ட வேண்டியது, இன்று கடைச் சுவரில் தொங்கும் அதே பதிவு எண்ணைத்தான். எந்த அறைக்குள் போகலாம் என்று என்னிடம் கேட்கும் நீங்கள், வீட்டுச் சாவியைத் தெருவில் விட்டுவிட்டு நிற்கிறீர்கள். இன்னொன்றும் உண்டு. இது முழுநேரப் படிப்பு. ஒவ்வொரு பாடத்திலும் 80 விழுக்காடு வருகை வேண்டும். ஜிபேட்டில் தேறியவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைப்பதும் வேறு சம்பளம் வாங்காத முழுநேர மாணவர் என்பதற்காகத்தான். மதுரையில் மாணவியாகவும் ஏர்வாடி சாலையில் மருந்தாளுநராகவும் ஒரே நேரத்தில் இருக்க உங்களால் முடியாது. வாப்பா "பொறு" என்பதன் பொருள் இப்போது புரிகிறதா?

ஜிபேட் தேர்வை 2018 வரை தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தியது. 2019 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்தியது. 2024 முதல் மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் நடத்துகிறது. பார்ம்.டி வந்தது 2008இல். 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக ஆணையம் அமைப்பதற்கான மசோதா வரைவு வெளியானது 2023இல். இந்த ஒவ்வோர் ஆண்டிலும் "ஒரு நிலைக்கு வரட்டும்" என்று யாரோ ஒருவர் ஒரு பெண்ணிடம் சொல்லியிருப்பார். அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது என்று கடற்கரையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? விதிகள் மாறுவதால் வாப்பாவுக்கு ஒரு நட்டமும் இல்லை. நீங்கள் நகர்ந்தால்தான் அவருக்குச் செலவு: வேறொரு மருந்தாளுநரை வைத்து, உண்மையான சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அவரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. விசைப்படகுகள் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் கிடக்கும்போது கடன் நோட்டில் மாத்திரை கொடுத்து, தடை நீங்கியதும் அதில் பாதியைக்கூட வசூலிக்க முடியாமல் கடை நடத்துவது எளிதன்று. பெற்றவருக்குப் பிள்ளை கடமைப்பட்டவள் என்று இன்றும் நம்புகிறவள் நான். இந்தக் காலத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். கடமை இருப்பதால்தான் சொல்கிறேன், உங்கள் பெயரை இப்படி இரவல் கொடுப்பது வாப்பாவுக்குச் செய்யும் உதவியாகாது. கடையின் லைசென்ஸ் இடைநிறுத்தப்பட்டாலோ ரத்தானாலோ கதவடைத்து நிற்கப்போவது அவர்தான். அப்படி நடக்கக்கூடும் என்று அந்த வீட்டில் படித்துத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர். தெரிந்தும் வாய் திறக்காமல் மாதா மாதம் பணம் வாங்கிக்கொண்டவரும் நீங்கள்தான்.

காக்காவுக்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருந்தால், அவர் டி.பார்ம் சேரலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு, அதன்பின் 500 மணி நேரப் பயிற்சி. படிப்பை முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு பெற எழுத வேண்டிய ஒரு வெளியேறும் தேர்வையும் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் வைத்திருக்கின்றன. அவ்வளவு அழகான கையெழுத்து உள்ளவர் சொந்தப் பெயரை எழுதத் தகுதி பெறட்டும்.

பிரிவைப் பற்றி என் கருத்து சுருக்கமானது. நோயாளியின் முகத்தைப் பார்த்து வேலை செய்ய விருப்பமிருந்தால் எம்.பார்மில் பார்மசி பிராக்டிஸ், அல்லது இரண்டாண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்ட பார்ம்.டி. செலவைத் தாங்க முடியுமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மதுரை மருத்துவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் எம்.பார்முக்கு அரசு இடங்கள் உண்டு. தொழிற்சாலைதான் விருப்பம் என்றால் மருந்தாக்கவியலோ தர உறுதிப் பிரிவோ போதும். ஜிபேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும். ஆகவே தேர்வை எழுதிவைப்பதற்குக் காத்திருக்கக் காரணமே இல்லை. ஜெர்மனியில் பட்டம் பெற்ற மருந்தாளுநர் சிறப்புத் தகுதி பெற வேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ வழிகாட்டி ஒருவரின் கீழ் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தபடியே பயின்று, மருந்தாளுநர் மன்றத்தின் தேர்வை எழுத வேண்டும். அங்கே எண்ணப்படுவது அவர் மருந்தகத்தில் நின்ற நாட்கள். அந்தக் கணக்கில் உங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு என்ன எண் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஊருக்குப் போங்கள். போனில் சொல்லாதீர்கள், காக்காவிடம் சொல்லி அனுப்பாதீர்கள். ஜும்ஆ முடிந்து வாப்பா சாப்பிட்டு எழுந்த பிறகு, உம்மாவும் இருக்கும்போது சொல்லுங்கள். வேறு மருந்தாளுநரைத் தேட அவருக்குத் தவணை கொடுங்கள். ஆனால் அந்தத் தவணைக் காலத்தில் கடையில் நீங்கள் நிற்க வேண்டும், சென்னை வேலைக்கு விடுப்புப் போட்டாவது. பொறுப்பாளர் மாறியதை ஒரு மாதத்துக்குள் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்துப் போடுங்கள். பிறகு சுவரிலிருந்து உங்கள் சான்றிதழைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஆணியைப் பிடுங்க வேண்டாம். அடுத்து வருபவருக்கு அது வேண்டும்.