ஆயா சம்பளம் யார் கணக்கு? (கடிதம்)

வணக்கம் சார்,

கோவையில் மென்பொருள் வேலை. பையனுக்கு ஒன்றரை வயது. என் சம்பளத்தில் பாதி ஆயாவுக்கும் ஆட்டோவுக்கும் போகிறது. “மிச்சத்துக்காகவா இந்த ஓட்டம்?” என்கிறார் கணவர். பிள்ளை ஏங்கிப்போவான் என்கிறார் மாமியார். அவன் பள்ளிக்குப் போகும்வரை வேலையை விட்டால், திரும்பக் கிடைக்குமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தூக்கமில்லாமல் எழுதிய கடிதம் என்று தெரிகிறது. முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நன்றாகத் தூங்குங்கள் அம்மா. திரும்ப வேலை கிடைக்குமா என்பதை உங்கள் துறைக்காரர்களிடம் கேளுங்கள். ஏக்கத்தையும் விடுங்கள், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

ஆனால் படித்த பெண், அந்தக் கழித்தலை எப்படிப் போட்டீர்கள்? ஆயா சம்பளம் ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிகிறது? வீட்டுத் தவணையை உங்கள் கணவர் சம்பளத்தில் கழித்துவிட்டு, “மிச்சத்துக்காகவா போகிறீர்கள், வீட்டில் இருங்கள்” என்று யாராவது சொல்வார்களா? இரண்டு சம்பளத்தையும் கூட்டி, அதிலிருந்து கழியுங்கள். பி.எஃப்., அடுத்தடுத்த ஊதிய உயர்வு எல்லாம் அந்த மிச்சப் பாதியில் ஒளிந்திருக்கின்றன.

என் அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அப்பா நீளமான நோட்டில் வீட்டுக் கணக்கு எழுதுவார். அரிசி, வாடகை, பால் எல்லாம் பொது. தம்பியைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தது மட்டும் அம்மா பெயருக்கு நேராக, சிவப்பு மையில். அப்பா கெட்டவரில்லை. தம்பி பிறந்ததும் சாயங்காலங்களில் மளிகை மண்டியில் கணக்கு எழுதப் போனார். ‘பொறுப்பு வந்துடுச்சு’ என்றது தெரு. அதே பிள்ளைக்காக வேலையைத் தொடர்ந்த அம்மாவை, ‘பச்சைக் குழந்தையைப் போட்டுட்டுப் போறா’ என்றது.

சர்க்கார் கணக்கும் சிவப்பு மைதான். 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் தாய்க்கு 26 வாரச் சம்பள விடுப்பு கொடுத்தது, நல்லது. உங்களைப் போன்ற தனியார் ஊழியர்களுக்குப் பெரும்பாலும் அந்தச் செலவு முதலாளி தலையில். தகப்பனுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் என்றால் சட்டப்படி ஒன்றுமில்லை. அப்புறம் பெண்ணை வேலைக்கு எடுக்க முதலாளி யோசிக்கிறான் என்று அங்கலாய்த்து என்ன பயன்? 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. செய்கிற ஆண்களின் கணக்கே இது.

சரி, ஒரு காரியம் செய்யுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும் என்கிறது சட்டம். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். எங்கே அது என்று எச்.ஆருக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் கணவரும் அவர் ஆபீஸில் கேட்கட்டும். அவர் எழுதியதை எனக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்கள்.