தினமும் பயிற்சி செய்தும் மூச்சடக்கும் நேரம் ஏன் குறைகிறது?

3 நிமிடம் பிடித்த மூச்சு, ஒரு மாதத் தினப் பயிற்சிக்குப் பிறகு 2:20-க்கு இறங்கிவிட்டது என்கிறீர்கள். அந்தத் 'தினமும்'தான் கோளாறு என்று நினைக்கிறேன். பினாங்கில் எனக்கும் இதே கதை. காலையில் தே தாரிக் தேநீரை முடித்த கையோடு பாயில் படுத்து மூச்சைப் பிடிப்பேன்; 1 நிமிடத்திலேயே வயிறு வெட்டி வெட்டி இழுக்கும்.

அப்படி இழுக்கவைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, ஏறிவரும் கார்பன் டை ஆக்சைடு. களைத்த உடம்பு அதைத் தாங்காது. ஒரு வாரம் சும்மா இருங்கள். அப்புறம் வாரத்துக்கு 2, 3 நாள், வெறும் வயிற்றில், கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

நேரம் கூட்ட வேகவேகமாக மூச்சிழுக்காதீர்கள். ஆக்சிஜன் பெரிதாக அதிகமாகாது; கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சுவிடச் சொல்லும் எச்சரிக்கைதான் போய்விடும். தண்ணீருக்குள் சொல்லாமல் மயக்கம் வரும். குளத்தில் தனியாகவா? வேண்டவே வேண்டாம்.