எருக்குழியில் கிடைக்கும் வெள்ளைப் புழு தென்னையைத் தின்னுமா?

தோப்போரத்து எருக்குழியைக் கிளறியபோது கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் ஏராளமாக வெளிவந்ததாகவும், அவை தென்னையின் வேரைத் தின்னுமா, அந்த எருவை மரத்துக்கு இடலாமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் புழு எது என்று பார்க்க வேண்டும். ஒன்றை எடுத்துச் சமதரையில் விடுங்கள். கால்கள் மேலே இருக்க, முதுகாலேயே ஊர்ந்து சென்றால் அது மலர் வண்டினத்தின் புழு. மட்கை மேலும் மட்கச் செய்யும் அதைக் கொல்ல வேண்டியதில்லை. மாறாக, பழுப்புத் தலையும் மார்பில் மூன்று இணைக் கால்களும் கொண்டு, அரைவட்டமாக வளைந்து பக்கவாட்டில் கிடந்தால், தென்னந்தோப்பைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது காண்டாமிருக வண்டின் புழுவே. உடலின் இருபுறமும் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகள் அதன் சுவாசத் துளைகள். வால்பகுதித் தோலின் வழியே கருமையாகத் தெரிவது, தின்ற எரு நிறைந்த குடல். அங்கே வாழும் நுண்ணுயிர்களின் துணையால்தான் மட்கிய நார்ப்பொருள் அதற்குச் செரிக்கிறது. இவ்வாறு மட்கைத் தின்றே வளர்வதால், இப்புழு உயிருள்ள தென்னை வேரைத் தேடிப் போவதில்லை.

சேதம் செய்வது வளர்ந்த வண்டு. அது இரவில் பறந்து வந்து, விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சி, மென்ற நாரைத் துளை வாயில் தள்ளிவிடுகிறது. பின்னர் அந்த மட்டை விரியும்போது, கத்தரியால் வெட்டியதுபோல் ஓலைகள் முக்கோண வடிவில் குறைந்து தெரியும். கன்றுகளில் குருத்தே அழுகி மடியவும் கூடும்.

முட்டை பொரிய ஏறத்தாழ 10 நாட்களும், இருமுறை தோலுரித்துப் புழு முதிர நான்கு மாதங்கள் வரையும், கூட்டுப்புழுப் பருவத்துக்குச் சுமார் 3 வாரங்களும் ஆகின்றன; ஈரமும் உணவும் மாறினால் இக்காலம் கூடும், குறையும். வண்டாகிக் கொண்டைக்குள் புகுந்துவிட்டால் கம்பிக் கொக்கியால் குத்தி எடுப்பது மரத்துக்கு மரம் ஏறிச் செய்ய வேண்டிய வேலை என்பதால், புழுக்கள் ஒரே இடத்தில் கிடக்கும் எருக்குழியிலேயே அவற்றை ஒழிப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை குழியை அடிவரை புரட்டிப் புழுக்களைப் பொறுக்குங்கள். கோழிகளை விட்டால் அவையே கொத்தித் தின்றுவிடும். மெட்டாரைசியம் பூஞ்சையை உறையில் குறித்துள்ள அளவில் கரைத்து, ஈரமுள்ள எருவில் ஊற்றலாம். அதன் வித்துகள் புழுவின் தோலில் ஒட்டி முளைத்து உள்ளே ஊடுருவுகின்றன. மடிந்த புழுவின் மேல் பச்சை நிறப் பூஞ்சை படர்ந்திருப்பதைக் காணலாம். வெட்டிய அடிக்கட்டைகளையும் மட்கிய மரத்துண்டுகளையும் தோப்பில் விட்டுவைத்தால், வண்டு அங்கேயும் முட்டையிடும்.

புழு நீக்கிய எருவைத் தாராளமாக இடலாம். மரத்தடியில் குவிக்காமல், பரப்பி மண்ணோடு கலந்துவிடுங்கள். குருத்தைச் சுற்றியுள்ள மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளை இரு பங்கு மணலோடு கலந்து இடுவது வண்டு அண்டுவதைக் குறைக்கும்.

வண்டு துளைத்த காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும் என்பதால் அக்காயங்களைக் கவனியுங்கள். எருவில் அல்லாமல் மரத்துக்குள்ளேயே, கால்களே இல்லாத புழு தென்பட்டால் அது கூன்வண்டின் புழு. தண்டை உள்ளிருந்து குடைவது அதுதான். அந்நிலையில் தாமதிக்காமல் வட்டார வேளாண்மை அலுவலரை அழைத்து மரத்தைக் காட்டுங்கள்.