தரைத் தகராறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வீட்டுக் கொல்லையில் செயற்கைப் புல் விரித்து மூன்று வருடம் ஆகிறது. சுத்தமான களிமண் தரை. மழை பெய்தால் நடுவில் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்குகிறது. வெயில் காலத்தில் இரண்டு விரிப்பு சேரும் இடம் மேலெழும்பி, விரல் நுழைகிற மாதிரி வாய் பிளக்கிறது. இரண்டு தடவை பசை போட்டு ஒட்டியும் நிற்கவில்லை. நல்ல பசை எது?

பதில்: பசை பாவம், அதைத் திட்டாதீர்கள் தம்பி. களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வருடா வருடம் ஏறி இறங்குகிற தரைமேல் நீங்கள் எதைப் போட்டு ஒட்டினாலும் விட்டுத்தான் போகும். எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஜல்லியை நேராகக் களிமண் மேலேயே கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இடையில் மண்ணைத் தடுக்கும் துணி இல்லாவிட்டால், மழைக்கு இளகிய மண்ணுக்குள் ஜல்லி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதன் இடுக்குகளில் சேறு மேலே ஏறும். பள்ளம் விழுவதும் தண்ணீர் வடியாமல் நிற்பதும் இதனால்தான்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது சுலபம். பள்ளத்தைச் சுற்றி, புல்லுக்கு இடையே தூவியிருக்கும் மணலை விறைப்பான துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள். ஓரத்து ஆணிகளைக் கழற்றி, பழைய இணைப்பு நாடாவை அறுத்துவிட்டு, விரிப்பைப் பாய் சுருட்டுவதுபோல் மடக்குங்கள். ஜல்லிக்குள் கையை விட்டுப் பாருங்கள். கல் மொரமொரவென்று உதிர்ந்தால் பிரச்சினை சின்னது. மேலே கொஞ்சம் கல்பொடி போட்டு மட்டம் தட்டினால் போதும். வழவழவென்று சேறு விரலில் அப்பிக்கொண்டால் அந்த இடத்து ஜல்லி முழுவதையும் அள்ள வேண்டும். கழுவிப் போடலாமா என்று கேட்காதீர்கள், அந்த உழைப்புக்குப் புதுசே வாங்கிவிடலாம்.

பள்ளத்தைவிட ஒரு அடி அகலமாக, 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டுங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். களிமண்ணில் குழி வெட்டி ஜல்லி நிரப்பினால் அது வெறும் தொட்டி. சுற்றிலும் உள்ள தண்ணீர் அதில் வந்து இறங்கும், வெளியேற வழி இருக்காது. ஆகவே குழியின் அடிமண்ணுக்கே வாட்டம் கொடுங்கள்: ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் இறக்கம், வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக. தாழ்ந்த முனையிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, துளை போட்ட பைப்பைத் துணி சுற்றிப் பதித்து, மனையிலேயே தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். மேலே எவ்வளவு அழகாக மட்டம் பார்த்தாலும் அடியில் வாட்டம் இல்லையென்றால் அடுத்த மழைக்கே எனக்கு மறுபடி கடிதம் எழுதுவீர்கள்.

வாட்டம் கொடுத்த மண்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதாவது தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி. இரண்டு துண்டு வந்தால் ஒன்றன்மேல் ஒன்று 30 சென்டிமீட்டர் ஏறட்டும். பிளாஸ்டிக் தாள் வேண்டவே வேண்டாம், அது தண்ணீரைக் கீழே விடாது. ஜல்லி கூர்மூலை உள்ள உடைகல்லாக இருக்கட்டும். உருண்டைக் கூழாங்கல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் உருண்டுகொண்டே இருக்கும். ஒரே தடவையில் கொட்டாமல் 5 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் நன்றாக இடியுங்கள். கடைசி 2 சென்டிமீட்டருக்குக் கல்பொடி. நீளமான மட்டப்பலகையை இழுத்துப் பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

இப்போது பசைக்கு வருவோம். வெளிப்புறத்துக்கு என்றே வரும் பாலியூரிதேன் பசையும் 30 சென்டிமீட்டர் அகல நாடாவும் போதும். இரண்டு விரிப்பிலும் புல் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். இடைவெளி, பின்பக்கம் தெரியும் தையல் வரிசைகளுக்கு நடுவே உள்ள அளவே இருக்கட்டும். கூடினால் கோடு தெரியும், நெருக்கினால் மேடு தட்டும். இணைப்புக்கு அடியில் நாடாவை விரித்து, பல் வைத்த கரணையால் அதன்மேல் பசையைத் தடவி, விரிப்பை ஒரு பக்கமிருந்து மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போதே, பசையில் மாட்டிக்கொள்ளும் புல் இழைகளை ஒரு ஆணி முனையால் நெம்பி வெளியே எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு அவை வராது. ஒரு நாள் முழுக்க மணல்மூட்டை பாரம் வைத்துவிட்டு, பிறகு மணலைத் தூவிக் கூட்டிவிடுங்கள்.

கேள்வி: நாய் பிராண்டி உள்ளங்கை அளவு ஓட்டை போட்டுவிட்டது. அந்தத் துண்டை மட்டும் மாற்ற முடியுமா?

பதில்: முடியும். வட்டமாக வெட்டாதீர்கள், சதுரமாக வெட்டுங்கள். அதுவும் பின்பக்கம் திருப்பி, தையல் வரிசைகளுக்கு நடுவில் கத்தியை ஓட்டினால் புல் அறுபடாது. மிச்சம் வைத்த சுருளிலிருந்து வெட்டி அப்படியே ஒட்டினால் புதுசு பச்சையாகத் துருத்திக்கொண்டு தெரியும், மற்றது வெயிலில் வெளுத்திருக்கும். செடித்தொட்டிக்கு அடியிலோ மூலையிலோ இருந்து பழைய துண்டை எடுத்து ஓட்டைக்கு வையுங்கள். புதுசை அந்த மூலையில் ஒளித்துவையுங்கள். நாய் திரும்பவும் அதே இடத்தைத்தான் தோண்டும் என்பதால் துண்டுக்கு அடியில் கம்பிவலை ஒன்று பதித்துவிடுவது என் வழக்கம்.

கேள்வி: களிமண்ணில் மணல் கலந்தால் தண்ணீர் இறங்கும் என்கிறார்களே?

பதில்: கொஞ்சம் மணல் கலந்தால் இன்னும் இறுகத்தான் செய்யும். மணல் துகள்களுக்கு நடுவே உள்ள இடத்தைக் களி நிரப்பிவிடும். அதை மாற்ற வேண்டுமென்றால் களியைவிட அதிக மணல் கொட்ட வேண்டும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜன்னலுக்கு எதிரே மட்டும் ஒரு கோடாகப் புல் உருகிச் சுருண்டிருக்கிறது. யாரும் நெருப்பு வைக்கவில்லை!

பதில்: ஜன்னல்தான் வைத்தது. வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி சில சமயம் லேசாக உள்வாங்கி, வெயிலைக் குவித்து அடிக்கும். புல் இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். சுமார் 110 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். முதலில் கண்ணாடிக்கு வெளிப்புறம் வலை மாட்டுங்கள். துண்டு மாற்றுவது அதற்குப் பிறகு.

கேள்வி: இந்தச் செயற்கைப் புல் யார் கண்டுபிடித்த தொல்லை?

பதில்: தொல்லை என்று நான் சொல்லமாட்டேன், சோறு போடுகிறது! அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965இல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட விளையாட்டரங்கம் திறந்தார்கள். கூரையில் பதித்த, வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் பலகைகளின் கூச்சத்தில் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குப் பந்தே தெரியவில்லை. பலகைகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வெளிச்சம் இல்லாமல் நிஜப் புல் செத்துப்போனது. 1966இல் மான்சாண்டோ நிறுவனத்தின் செயற்கைப் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

கேள்வி: களிமண் தரையில் பழுது பார்க்க எந்த மாதம் நல்லது?

பதில்: மாதத்தைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். ஒரு பிடி எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து கட்டியாக உடைந்தால் அன்றைக்கே கடப்பாரையை எடுக்கலாம். உருண்டை பிடிக்க வராமல் உதிர்ந்தால் முந்தின நாள் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். உடையாமல் அப்படியே சப்பென்று தரையில் ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். திமிசு போட்டால் மண் நசுங்கி ஓடுமே தவிர இறுகாது. வெயில் அடிக்கட்டும், சில நாள் கழித்து மறுபடி உருட்டிப் பாருங்கள்.