புதிய ஜீப் வாங்கும்போது விலை பேசுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் மனைவியும் ஆசிரியர்கள். முதன்முறையாகப் புத்தம்புதிய சிறிய ஜீப் ஒன்றை வாங்க எண்ணிக் கண்டியில் ஒரு விற்பனை நிலையத்தில் விசாரித்தோம். 1 கோடியே 24 இலட்சம் ரூபா என்றார்கள். "எல்லாம் அரசாங்க வரி, ஒரு சதம்கூடக் குறைக்க வழியில்லை" என்றும் சொன்னார்கள். விலைத்தாளின் பிரதியை இணைத்துள்ளேன். பேச இடம் உண்டா?
– ஆசிரியர், ஹட்டன்

பதில்: அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. இலங்கையில் விற்கப்படும் இறக்குமதி வாகனத்தின் விலையில் பெரும்பங்கு வரிதான். சுங்கத் தீர்வை, எஞ்சின் கொள்ளளவையும் எரிபொருள் வகையையும் பொறுத்து மாறும் உற்பத்தி வரி, குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டிய வாகனங்களுக்குச் சுகபோக வரி, இவற்றுடன் 18 சதவீத வற் வரி என்று அது அடுக்கடுக்காக ஏறுகிறது. இந்த அடுக்குகளில் எந்த விற்பனையாளராலும் கைவைக்க முடியாது. ஆனால் இறக்கிய விலைக்கும் வரிக்கும் மேலே அவர் வைக்கும் இலாபம், விலைத்தாளில் சேர்க்கும் சில்லறைக் கட்டணங்கள், லீசிங் கம்பனியிடமிருந்தும் காப்புறுதிக் கம்பனியிடமிருந்தும் அவருக்குக் கிடைக்கக்கூடிய கமிஷன் ஆகிய மூன்றும் அவர் கையில் இருப்பவை. பேச்சு முழுவதும் இந்த மூன்றைச் சுற்றியே நடக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய தாளையே எடுத்துக்கொள்வோம். வாகன விலைக்குக் கீழே பதிவுச் செலவு, ஆவணச் செலவு, 85,000 ரூபா "கையாளல் கட்டணம்", கண்ணாடிக்கு ஒட்டும் பிலிம், கால்மிதி விரிப்பு, அடிப்பாகத்துக்கான துருத்தடுப்புப் பூச்சு என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பதிவுச் செலவு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போவது. அதைத் தரத்தான் வேண்டும், ஆனால் திணைக்களப் பற்றுச்சீட்டில் உள்ள தொகையை மட்டுமே தருவதாகச் சொல்லுங்கள். கையாளல் கட்டணம் எந்த அரசாங்க வரியும் அல்ல. அது எதற்கென்று நேரடியாகக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் நீக்கச் சொல்லுங்கள். துருத்தடுப்புப் பூச்சு மழையும் ஈரமும் ஓயாத நம் பகுதிக்கு உண்மையிலேயே பயனுள்ளது என்பதால் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதே வேலையை வெளியே ஒரு நல்ல கராஜில் என்ன விலைக்குச் செய்கிறார்கள் என்று கேட்டறிந்த பிறகே அதன் விலையைப் பேசுங்கள்.

அடுத்து, ஒரே ஒரு விற்பனை நிலையத்தோடு பேசிக்கொண்டிருக்கும்வரை உங்களிடம் பேசுவதற்கான பலம் எதுவும் இல்லை. அதே மொடல், அதே உற்பத்தி ஆண்டு, அதே தர வகை என்று மூன்றையும் குறிப்பிட்டு, கண்டியில் இன்னொரு இடத்திலும் கொழும்பில் இரண்டு இடங்களிலும் விலை கேளுங்கள். இதற்காக ஹட்டனிலிருந்து பஸ் ஏறிக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. தொலைபேசியில் கேட்டு, வாட்ஸ்அப்பில் விலைத்தாளை அனுப்பச் சொன்னால் பெரும்பாலோர் அனுப்பிவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பதிவு முடித்து, இலக்கத்தகட்டோடு சாவியை என் கையில் தரும்போது நான் கட்டி முடித்திருக்கும் மொத்தத் தொகை எவ்வளவு?" வாகன விலை என்று ஒன்றும் செலவுகள் என்று இன்னொன்றுமாகப் பிரித்துச் சொன்னால் ஏற்காதீர்கள். ஓரிடத்தில் விலையைக் குறைத்துச் செலவைக் கூட்டுவதும், இன்னோரிடத்தில் செலவை இலவசமென்று சொல்லி விலையில் சேர்ப்பதும் வழக்கம் என்பதால், மொத்தத் தொகையை வைத்துத்தான் ஒப்பிட முடியும். எழுத்தில் வந்த ஆகக் குறைந்த தொகையை எடுத்துக்கொண்டு, உங்களுக்கு வசதியான கண்டி நிலையத்துக்கே போய், "இந்த விலைக்குத் தந்தால் இந்த வாரமே முற்பணம் கட்டுகிறோம்" என்று சொல்லுங்கள். உங்களால் எவ்வளவு வரை போக முடியும் என்பதை எந்தக் கட்டத்திலும் வெளியே விடாதீர்கள்.

வாகனம் எவ்வளவு நாளாக அங்கே நிற்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோது, இறக்கிய வாகனத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யாவிட்டால் மாதந்தோறும் அதன் சி.ஐ.எப். பெறுமதியில் (வாகன விலை, காப்புறுதி, கப்பல் கூலி சேர்ந்த தொகை) 3 சதவீதம் தாமதக் கட்டணம் என்ற விதியும் வந்தது. ஆகவே அந்தக் கெடுவைத் தாண்டி விற்காமல் நிற்கும் வாகனம் இறக்குமதியாளருக்கு மாதாமாதம் செலவு வைக்கிறது. சுங்க ஆவணத்தில் உள்ள திகதியைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. இரண்டு மாதத்தைத் தாண்டி நிற்கும் வாகனமென்றால் 90 நாள் கெடு நெருங்குகிறது, அதைச் சொல்லியே விலை பேசலாம். உற்பத்தி ஆண்டும் அப்படித்தான். நம் நாட்டில் மறுவிற்பனை விலை உற்பத்தி ஆண்டை வைத்தே பேசப்படுவதால், ஜனவரியில் கடந்த ஆண்டு வாகனத்தைப் புதியதென்று வாங்குபவர் சாவியைப் பெறும் நாளிலேயே ஒரு வருடத் தேய்மானத்தை ஏற்கிறார். அந்த இழப்பு விலையில் கழிக்கப்பட வேண்டும், கால்மிதி விரிப்பால் ஈடுகட்டப்படக் கூடாது.

இன்னொரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காட்சியறையில் பேச்சு சிங்களத்திலும் ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் இருப்பதால், நம்மவர்களில் பலர் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். படிக்க நேரம் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்தவர் ஒருவரோடு உட்கார்ந்து, வாயால் சொன்ன ஒவ்வொரு சலுகையும் தாளில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். தாளில் இல்லாத சலுகை கிடைக்கும் என்று எண்ணவேண்டாம்.

கேள்வி: விலை கேட்டுப் போனால், "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதையே முதலில் கேட்கிறார்கள். ஒரு தொகையைச் சொன்னதும் அதற்கேற்ற லீசிங் திட்டத்தைப் போட்டுத் தருகிறார்கள். இது வசதியாகத்தானே இருக்கிறது?
– தாதி, பண்டாரவளை

பதில்: அந்தக் கேள்விக்குத் தொகையாகப் பதில் சொல்லாதீர்கள். மாதத் தவணையைச் சொன்ன உடனே வாகன விலை பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. தவணையை எட்டுவதற்குக் காலத்தை நீட்டினால் போதும் என்றாகிவிடுகிறது. 50 இலட்சம் ரூபாவை 14 சதவீத ஆண்டு வட்டிக்கு ஐந்து வருடங்களில் கட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 1,16,300 ரூபா. அதையே ஏழு வருடங்களாக்கினால் தவணை 93,700 ரூபாவாக இறங்கும். மாதம் இருபத்தீராயிரத்துக்கு மேல் மிச்சம் போலத் தோன்றும், ஆனால் முடிவில் நீங்கள் கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 90 ஆயிரம் ரூபா கூடியிருக்கும். விலையில் ஒரு இலட்சம் குறைப்பதற்காக மணிக்கணக்காகப் பேசிவிட்டு, லீசிங் தாளில் ஒன்பது இலட்சத்தை ஒரு கையெழுத்தில் கொடுத்துவிடுவது இப்படித்தான் நடக்கிறது.

வட்டி வீதம் எந்த முறையில் சொல்லப்படுகிறது என்பதும் முக்கியம். "பத்து வீதம்தான்" என்று சொல்லி, முழுக் கடனுக்கும் ஐந்து வருடமும் மாறாத வட்டியைப் போட்டால், 50 இலட்சத்துக்கு 25 இலட்சம் வட்டி, மாதத் தவணை 1,25,000 ரூபா. கட்டக் கட்ட மீதிக் கடன் குறைந்துகொண்டே போவதைக் கணக்கில் எடுத்தால் அது உண்மையில் ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கும் சற்றுக் கூடிய வட்டி. ஆகவே மேலே சொன்ன "14 வீதம்" இந்தப் "பத்து வீதத்தை" விட மலிவானது. எந்தக் கம்பனியானாலும் தவணைத் தொகை, தவணைகளின் எண்ணிக்கை, ஆவணக் கட்டணம், முன்கூட்டியே கட்டி முடித்தால் அறவிடும் தொகை ஆகிய நான்கையும் எழுதி வாங்கிப் பெருக்கிப் பாருங்கள்.

முதலில் வாகனத்தின் முழு விலையைத் தனியே முடித்து எழுத்தில் வாங்குங்கள். அதன் பின்னர் உங்கள் சம்பளம் வரும் வங்கியிலும் இன்னும் இரண்டு லீசிங் கம்பனிகளிலும் விசாரித்து, எது மலிவோ அதை எடுங்கள். வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கடன் தரலாம் என்பதற்கு மத்திய வங்கி வரம்பு வைத்திருக்கிறது, அந்த வரம்பு அவ்வப்போது மாற்றப்படுகிறது. எனவே உங்கள் முற்பணம் எவ்வளவு என்பதை விலை பேசப் போகும் முன்பே வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முழுக் காப்புறுதியையும் விற்பனையாளர் நீட்டும் கம்பனியிலேயே எடுக்க வேண்டுமென்று சம்மதித்துவிடாமல், வெளியே இரண்டு இடங்களில் கட்டணம் கேட்டு, அதைக் காட்டிப் பேசுங்கள்.

கேள்வி: நான் விரும்பும் ஜீப் கையிருப்பில் இல்லை, முற்பணம் கட்டினால் மூன்று மாதத்தில் வரும் என்கிறார்கள். வரவுசெலவுத் திட்டத்தில் வரி கூடலாம், இப்போதே கட்டுவது நல்லது என்றும் அவசரப்படுத்துகிறார்கள். கட்டலாமா?
– வாசகி, பதுளை

பதில்: முற்பண ஒப்பந்தத்தில் "வரி, நாணய மாற்று வீதம் ஆகியவற்றின் மாற்றத்துக்கு உட்பட்டது" என்று ஒரு வாசகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், வரி கூடும் என்ற பயத்தில் இன்று கட்டுவதால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. வாகனம் துறைமுகத்துக்கு வருவதற்குள் வரி கூடினால் அந்தக் கூடுதலை நீங்களே கட்டவேண்டி வரும். டொலரோ யென்னோ ஏறினாலும் அதே கதைதான். எனவே அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் அமைதியாகக் கேளுங்கள்: விலை கூடினால் முற்பணத்தை முழுவதாகத் திருப்பித் தருவீர்களா, எத்தனை நாளுக்குள் தருவீர்கள், வரி குறைந்தால் அந்தக் குறைவு எனக்குக் கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தருபவரிடம் மட்டும் கட்டுங்கள். கட்டும் தொகையையும் கூடியவரை சிறிதாக வைத்து, கம்பனியின் பெயருக்கு வங்கி மூலமே செலுத்துங்கள். தனிப்பட்ட ஒருவரின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: மரக்கறி வியாபாரம் செய்கிறேன். முழுப் பணமும் கையில் உண்டு, பழைய வேன் ஒன்றும் உண்டு. இரண்டையும் சொல்லிப் பேசினால் விலை குறையுமா?
– வியாபாரி, நுவரெலியா

பதில்: இரண்டையும் கடைசியில் சொல்லுங்கள். லீசிங் வழியாகவும் கமிஷன் வருமென்று எதிர்பார்த்தே சில விற்பனையாளர்கள் விலையில் இறங்குகிறார்கள். முழுப் பணமென்று முதலிலேயே சொன்னால் அந்த இறக்கம் வராமலே போகலாம். பழைய வேனின் விலையைப் புதியதன் விலையோடு கலந்து பேசினால், ஒன்றில் கொடுத்ததை மற்றதில் எடுத்துவிடுவார்கள். வேனை முதலில் உங்கள் ஊரிலேயே இரண்டு பேரிடம் காட்டி விலை தெரிந்துகொள்ளுங்கள். விலைச்சீட்டில் தொகையைக் குறைத்து எழுதிவிட்டு மீதியைத் தனியே தாருங்கள் என்று கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் சீட்டில் உள்ள தொகைதான் உங்கள் ஆதாரம்.

கேள்வி: ஒரே ஜீப் பிரதான முகவரிடம் கூடிய விலைக்கும், கார் சேலில் (முகவரல்லாத தனியார் வாகன விற்பனை நிலையத்தில்) சில இலட்சங்கள் குறைவாகவும் இருக்கிறது. எதை வாங்குவது?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அந்தச் சில இலட்சங்களில் எத்தனை உத்தரவாதத்துக்குரியவை என்று கணக்கிட்டுப் பாருங்கள். முகவர் தரும் உத்தரவாதம் உற்பத்திக் கம்பனியுடையது. கார் சேலில் தருவது பெரும்பாலும் அந்த விற்பனையாளருடையது, பல வேளைகளில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் மட்டுமானது. ஹைபிரிட் என்றால் பற்றரிக்கு எத்தனை வருடம், யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்காமல் கார் சேலில் வாங்கவே வேண்டாம். மறுபக்கம், முகவரின் சேவை நிலையம் கண்டியில்தான் இருக்கிறதென்றால் ஒவ்வொரு சேவைக்கும் உங்களுக்கு ஒரு நாள் போகும். அதைச் சொல்லி, இலவசச் சேவைகளில் கூலி மட்டுமல்லாமல் எண்ணெயும் பில்டரும் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். விலையில் இறங்க மறுக்கும் முகவர்கள்கூட இதில் இறங்குவதுண்டு.

எங்கே வாங்கினாலும், விலை பேசுவதற்கு முன்பு வாகனத்தை மேட்டில் ஓட்டிப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத எஞ்சினின் வலு கிட்டத்தட்ட ஐந்திலொரு பங்கு குறைந்துவிடும். கொழும்பின் சமதரையில் நன்றாக ஓடிய சிறிய எஞ்சின், வீட்டார் ஐந்து பேரோடு றம்பொடை வளைவுகளில் திணறினால் எந்த விலைக்கு வாங்கியும் பயனில்லை. கண்டியில் பரீட்சார்த்த ஓட்டம் தருகிறார்களென்றால் குடும்பத்தோடு போய், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திவிட்டு மீண்டும் எடுத்துப் பாருங்கள்.